விழுந்துகொண்டே இருந்த சுவிட்ச்

ஹில்லாவின் வீட்டில் பொழுது விடிவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிடும். சண்டை அப்பாவுக்கும் ஒரு கறுப்பு சுவிட்சுக்கும்.

அந்த சுவிட்ச் நிலவறையில், மின்பெட்டிக்குள் இருந்தது. எங்காவது மின்சாரம் கசிந்தால், யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாது என்று அது தானாகவே கீழே விழுந்துவிடும். விழுந்தால் நிலவறை முழுக்க இருட்டு. குளியலறை இருட்டு. வாஷிங் மெஷினும் பெரிய ஃப்ரீஸரும் நின்றுபோகும். மேலே சமையலறையும் படுக்கையறைகளும் வேறு சுவிட்சில் இருந்ததால் அங்கே மட்டும் விளக்கு எரியும்.

ஹில்லாவின் அப்பா பெர்த்து, கம்பளிக் காலுறையோடு தடதடவென்று படியிறங்கிப் போவார். சுவிட்சை மேலே தள்ளுவார். 'டக்' என்று விழும். மறுபடி தள்ளுவார். மறுபடி 'டக்'.

"எல்யாஸ், இன்னிக்கு என்னத்தைச் செருகி வச்சிருக்க?" என்று அவர் கேட்பது மேலே வரை கேட்கும்.

எல்யாஸ் அப்பாவுடைய அக்காவின் மகன். வயது பதினைந்து. அவனுடைய அம்மாவுக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்ததால், பள்ளி முடியும் வரை மாமா வீட்டில் இருக்கட்டும் என்று புத்தாண்டு முடிந்ததும் குவோபியோ நகரத்துக்கு வந்திருந்தான். நிலவறையில், நீராவிக் குளியல் எடுக்கும் சவுனாவுக்குப் பக்கத்து அறையை அவனுக்குக் கொடுத்தார்கள். அதுவரை அந்த அறையில் ஹில்லா தன் வண்ணங்களையும் களிமண்ணையும் பரப்பி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் மூன்று பெட்டிகளில் அடைத்துத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டியதாயிற்று. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பதினொரு வயதில் அப்படி வருத்தப்படுவது தப்பில்லை என்று அவள் நினைத்தாள்.

எல்யாஸ் ஒரு பேஸ் கிதாரும், அதைச் சத்தமாக்கும் பெரிய பெட்டியும் கொண்டுவந்திருந்தான். பழைய ரொட்டி டோஸ்டர், சின்ன ஹீட்டர், கழுத்து ஒடிந்த மேசை விளக்கு ஆகியவையும் அவனோடு வந்தன. அவன் வந்த வாரத்திலேயே சுவிட்ச் விழ ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அது விழுந்ததே இல்லை. ஆகவே காரணம் எங்கே இருக்கிறது என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

முதலில் டோஸ்டர். ஒருநாள் காலை அப்பா அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சுவிட்சைத் தள்ளினார். அது மேலேயே நின்றது. "பாத்தியா?" என்றார். டோஸ்டர் கார் ஷெட்டுக்குப் போனது.

மறுநாள் சுவிட்ச் மறுபடி விழுந்தது. அப்பா ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே வந்தார். கடைசியாக ஹீட்டரைப் பிடுங்கியதும் சுவிட்ச் நின்றது. ஹீட்டரும் ஷெட்டுக்குப் போனது. பிறகு ஒருநாள் கிதார் பெட்டி. அதற்கடுத்து மேசை விளக்கு. ஒவ்வொரு முறையும் அப்பா குற்றவாளியைப் பிடித்தார். ஒவ்வொரு முறையும் மறுநாள் சுவிட்ச் விழுந்தது.

எலெக்ட்ரீஷியன் ஒருவரையும் வரவழைத்தார்கள். அவர் ஒரு மதியவேளையில் வந்து வீட்டின் எல்லாப் பொருள்களையும் ஓடவிட்டுப் பார்த்தார். சுவிட்ச் அசையவில்லை. அவ்வளவு சமர்த்தாக மேலே நின்றது. இங்கே ஒன்றும் கோளாறு தெரியவில்லை, மறுபடி விழுந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் எல்யாஸின் அம்மாவுடைய கப்பல் துர்க்கு துறைமுகத்துக்கு வந்தது. எல்லோரும் ரயிலில் போய் அவளைப் பார்த்து, இரண்டு இரவுகள் தங்கிவிட்டு வந்தார்கள். கதவைத் திறந்தபோது நிலவறைத் தரையில் தண்ணீர் நின்றது. ஃப்ரீஸர் முழுவதும் உருகியிருந்தது. இலையுதிர்காலத்தில் வாங்கிய மான் இறைச்சி வீணாகிவிட்டது. அம்மா சாரா கொசுக்கடியில் சதுப்பு நிலத்தில் நாள் முழுக்கக் குனிந்து பறித்த மஞ்சள் பெர்ரிகள் பையோடு கூழாகிக் கிடந்தன.

அம்மா ஒரு பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வாளியில் போட்டாள். வீட்டை விட்டு நிலவறை வழியாகக் கடைசியாகக் கிளம்பியது யார் என்று அப்பா கேட்டார். எல்யாஸ்தான்.

அன்று சாப்பாட்டு மேசையில் எல்யாஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். பள்ளி விடுதியில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். மாத முடிவில் அங்கே போய்விடலாம் என்று நினைக்கிறானாம். அதெல்லாம் வேண்டாம் என்று அம்மா உடனே சொன்னாள். அப்பா எதுவும் சொல்லாமல் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

எல்யாஸ் போய்விட்டால் அறை திரும்பக் கிடைக்கும். ஹில்லாவுக்கு அந்த எண்ணம் வரத்தான் செய்தது. ஆனால் மறுநாள் மாலை அவள் ஒரு புத்தகத்தை எடுக்கக் கீழே போனபோது, எல்யாஸ் இருட்டில் ஜன்னலோரம் நின்று சில்லிட்ட ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். விளக்கைப் போடவில்லை.

"லைட்டு போடலையா?" என்று கேட்டாள்.

"எதுக்கு வம்பு. எனக்குக் கண்ணு தெரியுது."

ஹில்லா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். இது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. டோஸ்டர் இல்லாமலும் விழுகிறது, ஹீட்டர் இல்லாமலும் விழுகிறது. அப்படியென்றால் அவை இரண்டும் காரணம் இல்லை. இவ்வளவு எளிய விஷயம் அப்பாவுக்கு ஏன் தெரியவில்லை?

"உன்னோட சாமான் எல்லாத்தையும் இன்னிக்கே என் ரூமுக்குக் கொண்டு வந்துடு," என்றாள். "போன் சார்ஜர் கூட இங்க இருக்கக் கூடாது. நாளைக்குக் காலையில என்ன ஆகுதுன்னு பாப்போம்."

"விழாம இருந்துச்சுன்னா?"

"அப்போ தப்பு உன்னுதுதான். அதையும் தெரிஞ்சுக்கலாமே."

எல்யாஸ் முதல்முறையாகச் சிரித்தான். இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் மேலே தூக்கி வந்தார்கள். நிலவறை அறையில் கட்டிலும் போர்வையும் மட்டும் மிஞ்சின.

மறுநாள் நல்ல குளிர். ஹில்லா விழித்தபோது அப்பா ஏற்கெனவே கீழே இருந்தார். 'டக்.' அவர் எல்யாஸின் அறையை எட்டிப் பார்த்தார். பிடுங்குவதற்கு அங்கே ஒரு பிளக்கும் இல்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு ஃப்ரீஸரின் பிளக்கை எடுத்தார். 'டக்.' வாஷிங் மெஷினின் பிளக்கை எடுத்தார். 'டக்.'

ஹில்லா மேல்படியில் நின்று கவனித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு அம்மா கோட்டை மாட்டியபடி வெளியே போனாள். இன்றைக்கும் கார் சூடாகியிருக்காது, கண்ணாடியில் பனியைச் சுரண்டியே கை விறைத்துவிடும் என்று முணுமுணுத்தாள். குளிர்காலத்தில் என்ஜினைச் சூடாக்க, முற்றத்துக் கம்பத்திலிருந்து ஒரு வயர் காருக்குப் போகும். அம்மா கிளம்பும் நேரத்துக்கு முன்பே டைமர் அதை ஓடவைக்கும். மின்சாரம் நின்றுபோகிற நாள்களில் அது எப்படி ஓடும்?

ஹில்லா ஜன்னல் வழியே பார்த்தாள். அம்மா வயரைக் கம்பத்திலிருந்து பிடுங்கிச் சுருட்டி வைத்தாள். காரின் பின்விளக்குகள் தெருமுனையில் திரும்பி மறைந்தன. அப்போது கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நின்னுடுச்சு. வாஷிங் மெஷின்தான் போல."

ஹில்லா கீழே இறங்கிப் போனாள். "அப்பா, மெஷினைத் திரும்பச் செருகுங்க."

செருகினார். சுவிட்ச் விழவில்லை. ஃப்ரீஸரைச் செருகினார். விழவில்லை. எல்யாஸ் மேலேயிருந்து தன் சாமான்களைத் தூக்கி வந்தான். ஷெட்டிலிருந்து டோஸ்டரும் ஹீட்டரும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகச் செருகி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். சுவிட்ச் மேலேயே நின்றது.

"இது என்னடா கூத்து," என்றார் அப்பா. "கொஞ்ச நேரம் முன்னாடி ஒண்ணுமே இல்லாம விழுந்துச்சு. இப்போ எல்லாம் ஓடுது, விழ மாட்டேங்குது. நடுவுல எதுவும் மாறலையே."

"மாறிச்சு. அம்மா கிளம்பிப் போனாங்க."

"உங்கம்மாகிட்டயிருந்தா கரண்ட் கசியுது?"

"அம்மாகிட்டயிருந்து இல்ல. காருக்குப் போற வயர்லயிருந்து. தினமும் அம்மா அதைப் பிடுங்குன பிறகுதான் சுவிட்ச் நிக்குது. நீங்க அந்த நேரத்துல எதைப் பிடுங்குறீங்களோ, அதுமேல பழி விழுது."

எலெக்ட்ரீஷியன் வந்தது மதியத்தில். அப்போது கார், அம்மா வேலை பார்க்கும் மருத்துவமனை வாசலில் நின்றது. துர்க்கு போன நாள்களில் கார் வீட்டிலேயே, வயரோடு நின்றது. அப்பாவின் மனதில் அதெல்லாம் ஒவ்வொன்றாக ஓடியதை அவர் முகத்திலேயே பார்க்க முடிந்தது. கார்க் கம்பமும் இதே சுவிட்சில்தான் இருக்கிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய் வயரை எடுத்து வந்தார். சமையலறை மேசையில், விளக்குக்குக் கீழே, அதை விரல்களால் தடவிக்கொண்டே போனார். நடுவில் ஓரிடத்தில் கை நின்றது. கறுப்பு உறை நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. வெட்டுக்குள் பனி புகுந்து உறைந்திருந்தது.

"எலி கடிச்சிருக்குமா?" என்றான் எல்யாஸ்.

"எலி இவ்வளவு நேரா கடிக்காது," என்றார் அப்பா. அவர் காது சிவந்துவிட்டது. "இது நான் பனி அள்ளுற மண்வெட்டி பட்ட வெட்டு. நீ வந்த அன்னிக்கு, உன் சாமானை ஏத்தி வர்ற வேன் வாசல் வரைக்கும் வரட்டும்னு காலையிலேர்ந்து பனியைக் கொத்தி அள்ளினேன். வயர் பனிக்குள்ள இருந்திருக்கு. கவனிக்கலை."

அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு நீளமாகப் பேசிப் பழக்கமில்லை. வயரைக் கீழே வைத்துவிட்டு எல்யாஸின் பக்கம் திரும்பினார். "தப்பு என் மேல. உன் சாமான் ஒவ்வொண்ணையும் குத்தம் சொன்னேன். விடுதிக்குப் போறேன்னு நீ சொன்னப்போகூட வாயைத் திறக்கலை. அது ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்கோ."

எல்யாஸ் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "பரவாயில்ல மாமா," என்றான். பிறகு, "வேன் வர வழி நல்லாத்தான் இருந்துச்சு," என்றான்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹில்லாவும் சிரித்தாள். அன்று மூவருமே பள்ளிக்கும் வேலைக்கும் தாமதமாகத்தான் போனார்கள்.

மதியம் எலெக்ட்ரீஷியன் மறுபடி வந்தார். கம்பத்தைச் சோதித்துவிட்டு, வெட்டுப்பட்ட வயரை இனி யாரும் தொடாதபடி இரண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டார். ஊருக்குப் போகும்போது டைமரை நிறுத்த மறந்தது தான்தான் என்று மாலையில் அம்மா ஒப்புக்கொண்டாள். பெர்ரிகளுக்காக இனி யாரிடமும் கோபப்பட முடியாது என்பதில் அவளுக்குச் சற்று ஏமாற்றம் இருந்தது போலத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்யாஸின் அம்மா கப்பலிலிருந்து போன் செய்தாள். அவன் கூடத்து சோபாவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு பேசினான். ஹில்லா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். விடுதி என்ன ஆயிற்று என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும்.

"இல்லம்மா, போகலை," என்றான் எல்யாஸ். "நம்ம வீடு இருக்கும்போது விடுதிக்கு எதுக்கு?"

ஹில்லா தலை நிமிரவில்லை. நீல வண்ணத்தை எடுத்து, வானத்தைத் தீட்டத் தொடங்கினாள்.