ஹூகெமாவின் பியானோவுக்குத் தாகம்

மௌனத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

டௌவா ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். எந்த இசைத்தட்டுக்கும் முதல் வேலை இதுதான்: யாரும் வாசிக்காமல், யாரும் அசையாமல், அந்த இடத்தின் வெறும் அமைதியைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வது. பிறகு வெட்டி ஒட்டும்போது சுரங்களுக்கு நடுவில் விழும் ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைப்பார்கள். ஆகவே அந்த அமைதி சுத்தமாக இருக்க வேண்டும். இது சுத்தமாக இல்லை. வாயில் ஊறியதை நாக்கால் திரட்டி, ஒரு கணம் தேக்கி, மெதுவாகத் தொண்டைக்குள் இறக்கும் சத்தம். மைக்கின் மேல் உதட்டை வைத்ததுபோல அவ்வளவு அருகில்.

தேவாலயத்தின் பிரசங்க மேடைக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பெரியவர்கள் கோட்டுகளைக் கழற்றி மாட்டும் சின்ன அறையில் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு சிறு திரை. அதில் அக்கா ரென்ஸ்கா, மறைந்த இசையமைப்பாளர் ஹூகெமாவின் பழைய பியானோவுக்கு முன்னால், கைகளை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைக்கூடச் சிக்கனமாக விட்டுக்கொண்டிருந்தாள்.

பேசும் பொத்தானை அழுத்தினான். "அக்கா, வாயில மிட்டாயா?"

"இல்லடா."

"அந்தக் கறுப்பு அதிமதுர மிட்டாய்? காலையிலேர்ந்து மாடு மாதிரி அசைபோட்டுட்டு இருந்தியே."

"டேய், நீ என்ன பல் டாக்டரா? பாரு, நல்லாப் பாரு." கேமராவைப் பார்த்து வாயை ஆவென்று திறந்து காட்டினாள். நாக்கு கறுத்திருந்தது. வேறொன்றும் இல்லை.

அவள் அப்படி வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே அந்தச் சத்தம் மறுபடி வந்தது. சளக். பிறகு ஒரு விழுங்கல்.

திறந்த வாயோடு விழுங்குவது எளிதல்ல. டௌவா தனியாக ஒருமுறை முயன்று பார்த்தான். பிறகு எழுந்து போனான்.

பியானோவின் அடியில், தரையில், ஓர் எனாமல் தட்டு இருந்தது. அதில் பாதியளவு தண்ணீர். அவ்வளவுதானா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. தேவாலயத்தைக் கவனித்துக்கொள்ளும் க்ரீட்யா அம்மா அந்நேரம் காபியோடு வந்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளும்வரை பொறுத்திருந்து டப்பாவை மூடிவிடும் பெண்மணி.

"ஹீட்டர் போட்டா மரம் காஞ்சு வெடிக்கும் தம்பி. அதுக்குத்தான் தண்ணி. அந்த மனுசன் செத்து அவர் பொண்டாட்டி இதைச் சபைக்குக் கொடுத்த நாள்லேர்ந்து வெக்கிறோம். முதல்ல எங்க அம்மா, இப்ப நான். காலையில நிரப்புனா சாயங்காலம் காலி."

"ஹீட்டரைத்தான் சத்தம் வருதுன்னு அணைச்சாச்சே. இதையும் எடுத்துடறேன்மா. தண்ணி சத்தம் போடுது."

"தண்ணி எங்கயாவது சத்தம் போடுமா? குடிக்கிறதுதான் சத்தம் போடும்." மின்கட்டணத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "எடுத்துக்கோ. போறப்ப மறக்காம வெச்சிடு. போர்க்காலத்துலயே ஒரு நாளும் தப்பினதில்ல." பிறகு பட்டாணி சூப் அடிபிடிக்கும் என்று சைக்கிளில் ஏறி, மழையில் கடலணையோரமாகப் போய்விட்டார்.

டௌவா தட்டைக் கல்லறைத் தோட்டத்துப் புல்லில் கவிழ்த்தான். தண்ணீர் போனது. கடைசிச் சொட்டு மட்டும் விழவில்லை. விளிம்பிலிருந்து நூலாக இறங்கி, காற்றில் ஆடி, நீண்டுகொண்டே போனது. தட்டை உதறினான். நூல் அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. உள்விளிம்பைச் சுற்றி நத்தை நடந்த தடம்போல ஒரு பளபளப்பு. மணிக்கட்டைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அந்த இடம் வெதுவெதுப்பாகவே இருந்தது.

*

தட்டு போனதும் அமைதி சுத்தமானது. ரென்ஸ்கா வாசிக்கத் தொடங்கினாள்.

ரெய்னியர் ஹூகெமாவை உலகம் மறந்துவிட்டது என்று சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை. மறக்க வேண்டுமானால் முதலில் தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் நீரையும் நிலவையும் பியானோவில் கரைத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் இந்தக் கிராமத்தில் உட்கார்ந்து கடல் பின்வாங்கிய சேற்றையும் அதன் மேல் படியும் பனியையும் எழுதியிருக்கிறார். ஆவணக்காப்பகத்தில் அவருடைய தாள்களைக் கண்டெடுத்தவள் ரென்ஸ்கா. இசைக் கல்லூரி ஆட்குறைப்பு என்று ஒரு பூந்தொட்டியைக் கையில் கொடுத்து அவளை அனுப்பிய பிறகு அவளிடம் மிஞ்சியது இந்த இசைத்தட்டும் அந்தப் பத்து விரல்களும்தான். சிறுவயதில் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் உறைந்த கால்வாயில் சறுக்கியபோது, கை உடையும் என்று அவளை மட்டும் பனியில் இறங்கவே விட்டதில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வாசித்தாள். சறுக்கி விழுந்து மூக்கை உடைத்துக்கொள்ளும் உரிமை டௌவாவுக்கு மட்டுமே இருந்தது. அந்தக் கைகளுக்கு எதுவும் ஆகக்கூடாது என்பது வீட்டில் சாப்பாட்டு ஜெபத்துக்கு அடுத்த மதம். அவன் இன்னும் அதை விடவில்லை.

முதல் இசைத்துண்டு அபாரமாக வந்தது. இரண்டாவதும். மூன்றாவதில்தான் கேட்டது: அவள் விரல் பியானோக் கட்டையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன 'ப்ச்'. பெயின்ட் காயாத கதவிலிருந்து விரலைப் பிரித்தெடுப்பதுபோல.

"அக்கா, ஒரு நிமிஷம். கையில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"கட்டை ஈரமா இருக்குடா. வேர்வை போல." கைக்குட்டையால் துடைத்தாள்.

"உனக்கா? உன் கை ஐஸ் பெட்டியாச்சே."

"இன்னிக்கு வெதுவெதுன்னு நல்லாருக்குடா. பழைய பியானோன்னா இப்படித்தான் இருக்கணும்."

ஹீட்டர் அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. திரையில் அவள் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

அவன் போய்ப் பார்த்தான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் மதியக் காபி ஆறுவதற்குள் பொழுது போய்விடும். பியானோ விளக்கின் வெளிச்சத்தில் கட்டைகள் மினுங்கின. ஒன்றைத் தொட்டான். மேலே பதித்த தந்தம் கொஞ்சம் அமுங்கியது. அழுத்தும்போது கீழே இறங்குமே, அந்த இறக்கம் இல்லை இது. ஈறு அமுங்குவதுபோல. விரலைத் தன் பக்கம் இழுத்தான்: வழுவழு. எதிர்ப்பக்கம் தள்ளினான்: பூனை நாக்கின் சொரசொரப்பு. விரல் நுனியை முகர்ந்தவன் உடனே வருந்தினான். பல நாள் பட்டினி கிடந்த வாயின் நாற்றம், அதன் அடியில் திரிந்த மோர், அதற்கும் அடியில் கடல் வற்றிய சேறு. அறைக்கு ஓடி, கழுவு தொட்டியில் மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தான். நாற்றம் விரலில் இல்லை, இப்போது தொண்டையில் இருந்தது.

திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். விரல் நுனிகள் வெளுத்து, ஊறிச் சுருங்கியிருந்தன. நகத்தின் ஓரங்கள் ஈர அட்டைபோல வளைந்தன.

"அக்கா, போதும். வீட்டுக்குப் போலாம்."

"பைத்தியமா? நாளைக்கு ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் செம்மறியாட்டு வேஷம் போட்டுட்டு இங்க மே-ன்னு கத்தப்போகுதுங்க, கிறிஸ்மஸ் நாடகம். இன்னிக்கு விட்டா எனக்கு அடுத்தது எப்போ? சொல்லு."

"கை போயிடும்க்கா."

"கையைக் கழட்டி அலமாரியில வெச்சுக்கறதுக்கா இவ்வளவு வருஷம் வாசிச்சேன்?" சிரித்தாள். "போடா. போய் உன் ரெக்கார்டிங் சிவப்பு விளக்கைப் போடு. கடைசித் துண்டு ஒண்ணுதான் பாக்கி."

அவள் குரலில் லேசான அவசரம் இருந்தது. பசித்தவளின் அவசரம். அவள் கண் அவன் மேல் இல்லை, கட்டைகளின் மேலேயே இருந்தது.

*

அறை மேசையில் ஹூகெமாவின் இசைத்தாள்கள் வரிசையாகக் கிடந்தன. டௌவா அவற்றைப் புரட்டினான். இளம் வயது ஹூகெமா பத்து விரலுக்கும் வேலை கொடுத்திருந்தார். பக்கம் முழுக்கச் சுரங்கள் எறும்புகளாக ஊர்ந்தன. நடுவயதில் எட்டு விரல் போதும்போல இருந்தது. பிறகு ஐந்து. பிறகு, கை முழுவதையும் தட்டையாகக் கவிழ்த்து அழுத்த வேண்டிய சுரக்கொத்துகள். கடைசித் துண்டில் இரண்டே இரண்டு கறுப்புத் திட்டுகள், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், மாறி மாறி. இசைத்தட்டுக்கு முன்னுரை எழுதித் தந்த பேராசிரியர் இதை 'முதிர்ச்சி' என்று சொல்லியிருந்தார். படித்தபோது அக்காவும் தம்பியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இப்போது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹெட்போனில் கடைசித் துண்டு தொடங்கியது. மிக மெதுவாக, மிக அழகாக. விளிம்பே இல்லாத ஒலி. ஒரு சுரம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவன் வாழ்க்கையில் பதிவு செய்தவற்றிலேயே இதுதான் ஆகச் சிறந்தது. அது அவனுக்கு உடனே தெரிந்தது, தெரிந்ததற்காகத் தன்னையே வெறுத்தான். ஏனென்றால் அதற்கு அடியில் வேறொன்றும் கேட்டுக்கொண்டிருந்தது. எலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சும் சத்தம். உறிஞ்சிவிட்டு, நாக்கைச் சுழற்றி, ஓரத்தில் வழிந்ததையும் எடுத்துக்கொண்டு, திருப்தியாக மூக்கால் விடும் மூச்சு.

"அக்கா, நிறுத்து."

இசை நிற்கவில்லை.

"அக்கா!"

திரையில் அவள் தலை பின்னால் சாய்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. பால் குடித்தபடியே தூங்கிப்போகும் கைக்குழந்தையின் முகம்.

தட்டு. தண்ணீர். அவ்வளவுதான் வேண்டும் அதற்கு. அறை மூலையில் போட்டிருந்த தட்டை எடுத்து டௌவா தொட்டியில் நிரப்பினான். பாதி கொட்டியது. மீண்டும் நிரப்பினான். ஓடினான். சட்டையெல்லாம் ஈரம். தேவாலயம் முழுக்க அந்த வாடை, வெந்நீரில் நனைந்த கம்பளிபோல் கனமாக. அக்காவின் முதுகு அசைந்துகொண்டிருந்தது. அவன் அவள் கைகளைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்தான். மண்டியிட்டான். தவழ்ந்தான். பியானோவின் அடியில்.

தட்டைத் தள்ளினான்.

"குடி," என்றான். "குடிச்சுத் தொலை. அவளை விடு."

மேலே பார்த்தான்.

மரச்சட்டங்கள் குறுக்காக ஓடின. எல்லாப் பியானோவிலும் இருப்பவைதான். இவை இளஞ்சிவப்பாக இருந்தன. ஈரமாக. மேலண்ணத்தின் வரிகள். அவை மெல்ல அலையடித்துக்கொண்டிருந்தன, முன்னிருந்து பின்னுக்கு, முன்னிருந்து பின்னுக்கு, எதையோ உள்ளே இறக்கிக்கொண்டு. ஒரு சொட்டு அவன் கன்னத்தில் விழுந்தது. சூடு. இன்னொன்று உதட்டில்.

இனித்தது.

தட்டில் தண்ணீர் அசையவில்லை. காத்திருந்தான். ஒரு வளையம்கூட எழவில்லை. இத்தனை வருடம் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார்கள். இனி அது ஏமாறாது.

இசை நின்றது.

"எப்படி வந்துது?" என்றாள் ரென்ஸ்கா, மேலேயிருந்து. தூக்கக் குரல்.

அவன் வெளியே தவழ்ந்தான். எழவில்லை.

"நடுவுல ஒரு இடம் கொஞ்சம் இழுத்துட்டேன்ல? இன்னொரு தடவை எடுத்துடலாம்டா. போ, போய் உக்காரு."

வழக்கம்போல, தொடங்கலாம் என்பதற்கு அடையாளமாக இரண்டு கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கினாள். ரத்தம் இல்லை. காயம் இல்லை. நகம் இல்லை, கணு இல்லை. பல் முளைக்காத குழந்தை சப்பிச் சப்பிப் பாதியில் போட்ட ரஸ்க்போல, மணிக்கட்டுக்கு மேல் கூழாகக் கூம்பிய இரண்டு வெளிறிய குமிழ்கள். நுனியிலிருந்து கட்டைகள் வரை எச்சில் நூல்கள் தொங்கி மின்னின.

அவள் கைகளை இறக்கினாள். அவை போய்ச் சேருவதற்கு முன்பே, இடப்பக்கம் ஒரு கொத்து, வலப்பக்கம் ஒரு கொத்து, வெள்ளைக் கட்டைகள் தாமாகவே கீழே சரிந்து, அகலமாகத் திறந்துகொண்டன.