ஒபுயா சுமந்து வந்த சேவல்

விடியப்போகிற நேரத்தில் சேவல் கூவவில்லை. அகேயோ பாயில் கண்ணை மூடியபடியே காத்துக் கிடந்தாள். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று கூரைப்புல்லைத் தடவிக்கொண்டு போனது, அக்கம்பக்கத்து வீடுகளின் சேவல்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தன, அடுப்புச் சாம்பலுக்கு அடியில் கங்கு மெல்லப் படபடத்தது. அவள் முற்றத்தில் மட்டும் யாரோ வாயைப் பொத்திவிட்டதுபோல ஒரு சத்தமும் இல்லை. இளஞ்சேவலுக்கு இனி போட்டியே கிடையாது. அதைத் தலைகாட்ட விடாமல் துரத்திய கிழடு இப்போது சட்டியில் கிடக்கிறது. இன்றைக்காவது நெஞ்சை நிமிர்த்திக் கூவ வேண்டாமா?

ஏழெட்டுக் கோழிகளுக்கு இரண்டு சேவல் என்பதே வம்புதான். மழை விட்ட நாளிலிருந்து இரண்டும் கொண்டை கிழியச் சண்டை போட்டன. இளசை அறுத்துவிடு என்று அவள் கணவன் ஒபுயா சொல்லிக்கொண்டேதான் இருந்தான். ஆனால் ராங்கி பிடித்தது என்னவோ கிழடுதான். முதுகைக் காட்டினால் போதும், பாய்ந்து கெண்டைக்காலைக் கிழிக்கும். ஒபுயாவிடம் மட்டும் பூனைக்குட்டி மாதிரிக் குழையும். நேற்று அவன் வலையோடு ஏரிக்குக் கிளம்பிப்போன கொஞ்ச நேரத்தில் அது மகள் அவினோவின் முகத்தில் பாய்ந்துவிட்டது. கால்முள் கண்ணுக்குக் கீழே ஆழமாகக் கீறியிருந்தது. பெற்றவளுக்கு வந்த கோபத்தில் முன்பின் யோசனை எதுவும் இல்லை. கழுத்தை அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகைப் பிடுங்கி, அடுப்பில் ஏற்றிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

பொழுது சாயும்போது ஓரகத்தி அச்சோலா வந்தாள். இறகுக் குவியலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“எந்தச் சேவல்டி இது?”

“பெருசுதான்க்கா. புள்ள மொகத்தப் பாருங்க.”

“அடிப்பாவி. புது வீட்டுக்கு வந்த அன்னைக்கு அவன் கக்கத்துல தூக்கிட்டு வந்ததுல்ல இது? ஆம்பள செத்தாத்தானே அவனோட சேவல அறுப்பாங்க. அவன் தண்ணி மேல இருக்கான்டி.”

அகேயோவுக்கு மட்டும் அது தெரியாதா? ஒபுயா முன்னால் சேவலோடு நடக்க, இவள் பின்னால் நெருப்புச் சட்டியோடு வந்த நாள் அது. வீட்டுக்காரன் கண்ணை மூடினால் அவன் சேவலை அறுத்து, கூரை உச்சிக் குச்சியையும் ஒடித்துவிடுவார்கள். ஆனாலும் இன்னொரு சேவல்தான் இருக்கிறதே, வீட்டுக்கு ஒரு சேவல் இருந்தால் சரி என்று வாதாடிப் பார்த்தாள். குழம்பை யாரும் தொடக்கூடாது, விடிந்ததும் குழிதோண்டிப் புதைத்துவிடு என்றாள் அச்சோலா. காயத்துக்கு மருந்து போடுவதாகச் சொல்லி அவினோவைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

இருட்டியதும் அகேயோ ஏரியைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றாள். ஒமேனா மீன் பிடிக்கும் படகுகளின் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் தூரத்தில் வரிசையாக எரிந்தன. பிறகு காற்று வந்தது. விளக்குகள் கலைந்தன, சில அணைந்தன. எது அவனுடைய விளக்கு என்று கரையில் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்? அவன் திரும்பி வந்தால் போதும், இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று வேண்டிக்கொண்டே போய்ப் படுத்திருந்தாள்.

இப்போது கதவு திறந்தது.

சாம்பல் வெளிச்சத்தில் ஒபுயா நின்றான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “வாங்க, அவினோப்பா,” என்று எழுந்து ஓடினாள். அவன் எப்போதும் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். தோளில் வலையில்லை, கையில் விளக்கில்லை. மீன் வாடையும் இல்லை. ஏரியின் அடிச்சேற்று வாடை, வெயிலே படாத வாடை அது. கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது.

“பசிக்குது, அவினோம்மா.”

வீட்டில் ஆறிப்போன சோளக்களியும் அந்தச் சட்டியும் தவிர வேறொன்றுமில்லை. வந்தவனைப் பட்டினி போட மனம் வருமா? இளசை அறுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே களியை வைத்து, இரண்டு துண்டு எடுத்துப் போட்டாள். அவன் குனிந்து தின்னத் தொடங்கினான். கிழட்டுச் சேவல், கயிறு மாதிரி இறைச்சி. அவனோ மெல்லாமலே விழுங்கினான்.

“கண்ணு தப்பிச்சுதா?”

“தப்பிச்சுது. கீழதான் கீறல்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவனுக்கு யார் சொன்னது?

அவன் தோளைத் தொட்டாள். குளிர்ச்சி. சதை அழுந்தியது. அழுந்திய இடம் மேலே வரவேயில்லை.

வெளியே, முற்றத்தில், இளஞ்சேவல் கூவியது. நெஞ்சை நிமிர்த்தி, தொண்டை கிழிய.

ஒபுயாவின் கை தட்டிலேயே நின்றது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபமில்லை. வழி தவறியவன் வழி கேட்பதுபோல மெதுவாகக் கேட்டான்.

“அப்போ நான் யாரத் தின்னுட்டிருக்கேன்?”

தட்டு காலியாயிருந்தது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். பதறிப்போய் இன்னொரு துண்டு போட்டாள். உட்கார்ந்தான்.

அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டியில் கறி இருக்கும்வரை இருப்பான்.

ஏரிப் பாதையில் ஓலம் கேட்டது. முதலில் ஒரு பெண்குரல். பிறகு பல. எதையோ சுமந்து வருகிறவர்களின் கனத்த காலடி. அச்சோலா அவள் பேரைச் சொல்லிக் கதறிக்கொண்டே வந்தாள்.

அகேயோ போய்க் கதவுக்குத் தாழ் போட்டாள்.

ஒரு துண்டு போட்டாள். தின்றான். கழுத்தைப் போட்டாள். தின்றான். காலை, முள்ளோடு. அதையும். எலும்பு எதையும் அவன் துப்பவில்லை. தரையில் தண்ணீர் பரவி அவள் பாதத்தைத் தொட்டது.

படல் திறந்தது. முற்றம் நிறைந்தது. யாரோ கூரை மேல் ஏறினார்கள். புல் சரிந்தது. மேலே குச்சி ஒடியும் சத்தம்.

கரண்டி வெறும் சட்டியில் தட்டியது.

ஒபுயா தட்டை நீட்டினான்.