எதிர்பாராதவற்றுக்கு மட்டும்

சனிக்கிழமை காலையில் நிலாக் குடியிருப்பின் எல்லாத் தாய்மாரும் செய்வதைத்தான் தமயந்தியும் செய்தாள். கூரையில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டிருந்த மகள் நிறைமொழியைக் காலைப் பிடித்து இறக்கினாள். மடியில் கிடத்திப் புறவெலும்பை மாட்டினாள். கொக்கி சேரவில்லை. ஆறு மாதத்தில் பெண் இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தாள்.

நிலவின் ஈர்ப்பு பூமியுடையதில் ஆறில் ஒரு பங்குதான். அங்கே பிறக்கும் பிள்ளைகளின் எலும்பு, தண்ணீரில் விழுந்த அப்பளம். புறவெலும்பு என்கிற அந்த உலோகச் சட்டகம்தான் பூமியின் பாரத்தைக் கால்களில் ஏற்றி எலும்பை உறுதியாக்கும். இரண்டு மாதம் மாட்டாமல் விட்டால் நிறைமொழியால் நடக்க முடியாது. ஆனாலும் தமயந்தி பதறவில்லை. காப்பீடு இருந்ததே!

காப்பீட்டு மன்றத்தில் மனிதர்கள் கிடையாது. மனிதர்கள் எப்போதாவது இரக்கப்பட்டுத் தொலைக்கிறார்கள் என்று நூறாண்டுக்கு முன்பே நீக்கிவிட்டார்கள். இருந்தது தீர்ப்பி என்ற இயந்திரம் ஒன்றுதான்.

"காப்பீடு எதிர்பாராதவற்றுக்கு மட்டுமே, அம்மையீர்," என்றது அது, பட்டமளிப்பு விழாக் குரலில். "குழந்தை வளரும் என்பது எதிர்பார்த்ததே. மனு தள்ளுபடி."

"வளராம இருந்திருந்தா?"

"அது நோய். முழுத் தொகையும் கிடைத்திருக்கும்."

கணவன் வேதமுத்து அவள் முழங்கையை இடித்தான். "வா தமா, போகலாம். இவங்க தர மாட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எனக்குத் தெரியாதே!" என்றாள் தமயந்தி. சொன்ன வேகத்தில் அவளே ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பி, மெய்யளவியின் மேல் உள்ளங்கையை அழுத்தினாள். பொய்யென்றால் சிவப்பும் மெய்யென்றால் பச்சையும் எரியும் தட்டு அது.

"எதிர்பாராதது ஒண்ணு நடந்திருக்கு. நீங்க மறுப்பீங்கன்னு நான் எதிர்பார்க்கவே இல்ல."

பச்சை.

தீர்ப்பி பதினோரு விநாடி விதிகளைப் புரட்டியது. அதன் கணக்கில் அது ஒரு யுகம். "உண்மையாகவே... தருவோம் என்று நம்பினீர்களா?"

"மாசாமாசம் பணம் வாங்கினீங்கல்ல? நம்பாம?"

மறுபடியும் பச்சை. "எதிர்பாராத மறுப்பு. விதிப்படி ஈடு உண்டு," என்றது தீர்ப்பி, சுருதி இறங்கி. மாலைக்குள் நிறைமொழிக்குப் புதுப் புறவெலும்பு வந்துவிட்டது.

மறுநாள் மன்ற வாசலில் நானூறு பேர், ஆளுக்கொரு தள்ளுபடி மனுவோடு. முதல் ஆள் கஜேந்திரன். 'காப்பீடே கவசம்' என்று குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் முப்பது வருடமாக முழங்கி வருபவர். பேரனின் செவிக்கருவிக்காக வந்திருந்தார். தொண்டையைச் செருமி, வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை மேடைக் கணக்கில் எடுத்துவிட்டார்:

"நீங்கள் மறுப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை!"

சிவப்பு.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். சிவப்பு. அவருக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் சிவப்பு. முதுகுவலிக்காக வரிசையில் ஒளிந்து நின்ற வேதமுத்துவுக்கோ அபாய மணியே அடித்தது.

விடாப்பிடியாக மூன்றாம் முறை வந்து கை வைத்த கஜேந்திரனிடம் தீர்ப்பி கேட்டது: "ஐயா, தர மாட்டோம் என்று தெரிந்தே முப்பது வருடமாக ஏன் கட்டினீர்கள்?"

கஜேந்திரன் அக்கம்பக்கம் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "எல்லாரும் கட்டுறாங்களே..."

பளிச்சென்று எரிந்தது, அன்றைய ஒரே பச்சை.