இந்த ஒட்டு முடியட்டும்

துடியலூரில் பேருந்தை விட்டு இறங்கி, மாவு மில்லைத் தாண்டி, இடது பக்கச் சந்துக்குள் ஞானாபரணம் நுழைந்தபோது மதியம் மூன்று மணி இருக்கும். ஆடிக் காற்று சந்தில் கிடந்த பிளாஸ்டிக் பைகளைத் துரத்திக்கொண்டிருந்தது. அவர் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஒரு சின்னத் தகர டப்பா. டப்பாவுக்குள் அவருடைய மனைவி அன்புச்செல்வியின் தாலி.

பட்டறைக்குப் பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் வாசலில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, ஆபரணம்ங்களா? ரெண்டு வருசமாச்சு, வழி மறக்கலீங்களே?"

"வேலை இருக்குதுங்க. நம்ம புள்ள ஜெனிதாவுக்கு வியாழக்கெழம கல்யாணம்."

"ஆடி மாசத்துலயா?"

"சர்ச் கல்யாணத்துக்கு ஆடி என்னங்க, ஆவணி என்னங்க. மண்டபம் சும்மா கெடந்துது, புடிச்சுப்போட்டோம்."

"அதுஞ் சரிதான். உங்க சாமி ஆடித் தள்ளுபடியெல்லாம் குடுக்கறாரு" என்று சிரித்தவள், அவர் பட்டறைப் பூட்டைத் தொட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

செல்வியை அடக்கம் செய்த மறுவாரம் அந்தப் பூட்டை அவர்தான் பூட்டினார். அதன் பிறகு நகரத்தில் ஒரு பெரிய நகைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கே மெஷின் வார்க்கும், மெஷின் வெட்டும். இவர் கடைசி மெருகு மட்டும் பார்ப்பார். இந்தச் சந்துப் பக்கம் வரவேயில்லை. இப்போதும் வந்திருக்க மாட்டார். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆக்சிஜன் முகமூடியை ஒரு கையால் தூக்கிவிட்டு, செல்வி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

"எந்தாலிய உருக்கி நம்ம புள்ளைக்குத் தாலி செஞ்சுபோடுங்க. கடைல வாங்கீராதீங்க. நம்ம பட்டறைல, உங்க கையால."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான்கு தடவை மூச்சு வாங்கியது. வழக்கப்படி தாலி கொண்டுவர வேண்டியது மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளை ஜெஃபினின் அம்மா விவரம் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே செய்யுங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டார்.

கதவைத் தள்ளினார். உள்ளே இருட்டு. பூட்டிக் கிடந்த அறைக்குத் தூசி நாற்றம்தான் இருக்க வேண்டும். இந்த அறையில் கிராம்பு மணந்தது.

செல்வி இருமலுக்கு எப்போதும் கிராம்பு மெல்லுவாள்.

ஏதாவது மூலையில் பொட்டலம் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு விளக்கைப் போட்டார். பத்துக்குப் பத்து அறை. தரையோடு இரண்டு மரப்பலகைகள், ஒன்று அவருடையது, ஒன்று அவளுடையது. நடுவில் விளக்கு. காற்றாடி கிடையாது. பொன்வேலை செய்யும் இடத்தில் காற்றாடி போட்டால் அரத்தூள் பறந்துவிடும், தீயும் நிலையாக நிற்காது. மேற்குச் சுவரில் ஒரே ஜன்னல். அதன் மரக் கதவுகளை ஒரு ஆடி மாதத்தில் காற்று இழுத்துத் திறந்துவிட்டது என்று அவரே நான்கு ஆணி வைத்து அறைந்திருந்தார். இடுக்குகளுக்குக் காகிதம் ஒட்டியது செல்வி.

அந்த மூடிய அறையில் பத்தொன்பது வருடம் அவள் சங்கிலிக் கண்ணிகளுக்கு ஒட்டு வைத்தாள். ஒரு கண்ணிக்கு ஒரு ஒட்டு. பொடியைத் தூவி, விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதி, பொடி உருகி ஓடும்வரை மூச்சு அறுபடாமல் ஊத வேண்டும். அந்தப் பொடியில் அப்போது கேடியம், அதாவது காட்மியம், கலந்திருக்கும். உருகும்போது மஞ்சளாய் ஒரு புகை எழுந்து முகத்தில் மோதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவையாவது அவள் கேட்பாள்.

"ஏனுங்க, ஜன்னலக் கொஞ்சம் தொறக்கட்டுங்களா?"

அவர் தலை நிமிராமலே சொல்லுவார்.

"பொறு செல்வி, இந்த ஒட்டு முடியட்டும்."

ஒட்டு முடிந்ததும் அடுத்த ஒட்டு இருக்கும். அவளும் மறுபடி கேட்க மாட்டாள். ஒரு வருடத் தூளைக் கூட்டிக் கழுவினால் ஒரு குண்டுமணி அளவு பொன் தேறும். அந்தக் குண்டுமணிக்காகத்தான் ஜன்னல் மூடியிருந்தது. கடைசியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எத்தனை வருஷம் இந்தப் புகையை இழுத்தாங்க?" என்று கேட்டபோது, அவரால் எண்ணிக்கையைச் சொல்ல முடிந்தது. பத்தொன்பது.

அவள் பலகையில் அவளுடைய ஊதுகுழல் கிடந்தது. பித்தளை சுட்டு உதடு பொத்துப்போகிறது என்று வாய் வைக்கும் முனையில் வெள்ளை நூல் சுற்றியிருப்பாள். அவர் அதை எடுத்தார்.

நூல் ஈரமாக இருந்தது.

அண்ணாந்து ஓடுகளைப் பார்த்தார். கூரையில் ஒழுகல் இல்லை. பலகை காய்ந்திருந்தது. பக்கத்திலிருந்த அவருடைய குழலின் மேல் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அவளுடைய குழலில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

அன்று தாலியை உருக்கினார். பொன் உருக்கும் மண்கிண்ணமான மூசையில் போட்டு வெண்காரம் தூவினார். இருபத்தேழு வருடம் அவள் கழுத்தில் கிடந்து தேய்ந்த பொன், ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கி, ஒரு துளியாய்த் திரண்டு, நடுவில் நின்று துடித்தது. அச்சில் ஊற்றி, தட்டித் தகடாக்கி, இலை வடிவில் வெட்டி, சின்னச் சிலுவையையும் அறுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒட்டு வைக்க உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். கேடியம் இல்லாத புதுப் பொடி கொண்டுவந்திருந்தார். தகட்டின் மேல் சிலுவையைப் பொருத்தி, பொடி தூவி, விளக்கை ஏற்றி, தன் குழலை வாயில் வைத்தார்.

சுடர் சாய்ந்தது.

அவர் இன்னும் ஊதவில்லை.

கதவிடுக்கைப் பார்த்தார். சாக்கை மடித்து அடைத்தார். திரும்பி வந்து, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு சுடரையே பார்த்தார். சாய்ந்தது. நிமிர்ந்தது. சாய்ந்தது. நிமிர்ந்தது. சின்னச் சின்னதாய், அவசரமாய், பாதியிலேயே அறுந்து அறுந்து.

அந்தத் தாளம் அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பதினோரு இரவு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட தாளம்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஊதினார். தீ ஒரு பக்கமாய் ஒதுங்கியது. பொடி உருகாமல் கருகிச் சிதறியது. சிலுவை நழுவிக் கீழே விழுந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார்.

சென்னியம்மாள் மெஷினை நிறுத்தினாள்.

"ஏனுங்க, புள்ளைக்குச் சளி புடிச்சிருக்குதுங்களா?"

"எந்தப் புள்ளைக்கு?"

"ஜெனிதாவுக்குத்தானுங்க. நானும் நீங்க வந்ததுல இருந்து கேட்டுட்டே இருக்கறேன், உள்ள இருமிட்டே இருக்குது. கல்யாணப் பொண்ண இந்தப் பொகைக்குள்ள எதுக்குங்க கூட்டியாந்தீங்க? அவங்கம்மா மாதிரியேதான் இருமறா."

"ஜெனிதா வரலீங்க" என்றார் அவர்.

"அப்பறம் ஆரு?"

சென்னியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள், பாதி திறந்திருந்த கதவைப் பார்த்தாள். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மெல்ல எழுந்து உள்ளே போனவள், அதன் பிறகு வாசலுக்கு வரவில்லை.

புதன்கிழமை. மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கல்யாணம்.

தொழிற்சாலைக்குக் கொண்டுபோனால் பத்து நிமிட வேலை. அந்த நினைப்பு வராமல் இல்லை. 'நம்ம பட்டறைல' என்று அவள் சொன்னதை நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

கிராம்பு வாசனை இப்போது அறை முழுவதும் இருந்தது.

பொடி தூவினார். விளக்கை ஏற்றினார். குனிந்தார்.

அவள் பலகை கிறீச்சிட்டது. ஆள் உட்கார்ந்தால் மட்டும் வரும் சத்தம் அது.

அவர் திரும்பவில்லை.

சுடர் சாய்ந்தது, நிமிர்ந்தது. இடது கன்னத்தில் ஏதோ பட்டது. ஈரமாய், லேசான வெதுவெதுப்பாய்.

ஊதினார். கண்ணை எடுக்காமல் ஊதினார். பொடியின் ஓரம் மினுங்க ஆரம்பித்தது. இதோ உருகப்போகிறது. இன்னும் இரண்டு மூச்சு. சிலுவை அசையாமல் நிற்கிறது. இன்னும் ஒரு மூச்சு.

காதுக்கு அருகே குரல் கேட்டது.

"ஏனுங்க... தொறக்கட்டுங்களா?"

கவனம் தீயில் இருந்தது. கண் பொடியில் இருந்தது. பத்தொன்பது வருடப் பழக்கம். நினைப்பதற்குள் அவர் வாய் சொல்லிவிட்டது.

"பொறு செல்வி, இந்த ஒட்டு முடியட்டும்."

விளக்கு அணைந்தது.

மின்விளக்கும் அதோடு போனது. இருட்டில் அந்த மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. இழுத்து, இழுத்து, நெஞ்சுக்குள் இறங்காமல், கிணற்றின் அடியில் வாளி தரையைச் சுரண்டுவதைப்போல. பிறகு அதுவும் இல்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. எப்போதுமே அவள் மறுபடி கேட்டதில்லை.

எதை எதிர்பார்த்து இரண்டு நாளாக அவர் பயந்துகொண்டிருந்தாரோ அது இல்லை இது. அவள் பயமுறுத்த வரவில்லை. இன்னும் இங்கேயே உட்கார்ந்துகொண்டு, கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஐயோ செல்வி" என்று எழுந்தார். இருட்டில் தடவி இடுக்கியை எடுத்தார். ஜன்னலுக்குப் போய் முதல் ஆணியைப் பிடித்து இழுத்தார். துருப்பிடித்த ஆணி வர மறுத்தது. இரண்டாவதை இழுத்தபோது உள்ளங்கை கிழிந்தது. "தொறந்துபோடறேன், தொறந்துபோடறேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே நான்கையும் பிடுங்கினார். தோளால் மோதினார். காகிதம் கிழிந்தது. கதவுகள் படாரென்று வெளியே திறந்தன.

ஆடிக் காற்றும் மாலை வெயிலும் சேர்ந்து உள்ளே விழுந்தன. தரையிலிருந்த தூள் எல்லாம் எழுந்தது. பலகை இடுக்கிலும் சுவர் ஓரத்திலும் வருடக்கணக்காய்ப் படிந்த பொன் தூள், வெயிலில் மின்னிக்கொண்டு, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியாகப் போனது. அவர் ஒரு துகளைக்கூடப் பிடிக்கக் கை நீட்டவில்லை.

பின்னால் வெளிச்சம் தெரிந்து திரும்பினார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சந்தில் வேப்பமரம் பேயாட்டம் ஆடியது. காலண்டர் ஆணியிலிருந்து பிய்த்துக்கொண்டு விழுந்தது. சுடர் மட்டும் துளிகூட அசையாமல் நேராக நின்றது.

அவர் மெல்ல வந்து உட்கார்ந்தார். குழலைத் தேடினார். அவருடைய குழல் கீழே உருண்டு கிடந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுடர் தானாகவே சாய்ந்து, ஊசிபோல் கூர்ந்து, சிலுவையின் அடியைத் தொட்டது. இந்தத் தடவை அது அறுபடவில்லை. நீளமாய், நிதானமாய், கல்யாணமான புதிதில் அவள் ஊதியதைப்போல, ஒரே மூச்சு. பொடி கண்ணாடிபோல உருகி, சிலுவையைச் சுற்றி ஓடி, நின்றது.

சுடர் நிமிர்ந்தது.

ஒட்டு முடிந்தது.

அவர் அங்கேயே உட்கார்ந்து, இருட்டும்வரை அழுதார்.

வியாழக்கிழமை ஆயர் அந்தத் தாலியை வாங்கி ஜெபம் செய்தார். ஜெஃபின் கையில் கொடுக்கும்போது கட்டைவிரலால் அதைத் துடைத்தார். மறுபடி பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார். "பனி மாதிரி படியுதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது முன்வரிசையில் இருந்த ஞானாபரணத்துக்கு மட்டும் கேட்டது.

நான்கு நாள் கழித்து, காலையில் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஜெனிதா போன் செய்தாள்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சு கண்ணு. மாப்ள?"

"அவரு ஆறு மணிக்கே கம்பெனிக்குப் போயிட்டாருங்க. அத்தை கடைக்குப் போயிருக்காங்க. நான் மட்டுந்தான்." கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"படுத்திருக்கறப்போ இந்தத் தாலி நெஞ்சு மேல ஏறி எறங்குதுங்கப்பா."

"மூச்சு உட்டா ஏறி எறங்கத்தான் செய்யும், அம்மணி."

"அதில்லீங்க." அவள் குரல் தாழ்ந்தது. "நான் மூச்சப் புடிச்சிட்டுப் பாத்தேன். அப்பவும் ஏறி எறங்குது."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரூம்ல ஜன்னல் தொறந்திருக்குதா கண்ணு?"

"இல்லீங்கப்பா. கொசு வருதுன்னு அவரு மூடிப்போட்டாரு."

"போயித் தொறந்து உடு. இப்பவே. இனிமே எப்பவும் தொறந்தே வெய்யி."

"இருங்க, போனக் கட்டல்ல வெச்சுப்போட்டு வாரேன்."

கொலுசுச் சத்தம் விலகிப் போனது. தூரத்தில் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். ஜன்னல் திறந்த சத்தம்.

அப்போது, போனுக்கு மிக அருகே, யாரோ நீளமாய் ஒரு மூச்சை இழுத்து, நிம்மதியாய் விட்டார்கள்.

"தொறந்துட்டனுங்கப்பா" என்று ஜெனிதா அறையின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.