முதுகில் எழுதிய பெயர்

2021 மே. வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.20.

பாட்டிலில் பால் குறையவில்லை. குழந்தையின் உதட்டோரத்தில் மட்டும் ஒரு பால்துளி, இன்னும் காயாமல்.

நர்ஸ் ஜுவைரியா அதைப் பார்த்தாள். கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள்.

கொரோனா வந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அறை அது. பெற்றவர்கள் யாருக்கும் உள்ளே அனுமதியில்லை. ஜன்னலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணாடித் தொட்டில். இரண்டும் பெண் குழந்தைகள். இடப்பக்கத்துக் குழந்தைக்குத்தான் வாயில் பால். அதன் தாய் சேதுலட்சுமி அதே மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். பிள்ளையைப் பெற்ற மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

3.15. ராமநாதபுரம் எஸ்.ஐ. பூமயில் வந்தாள். பிள்ளை பிடிக்கும் கும்பலோ என்று டாக்டர் அருள்முருகனுக்கு பயம். நடைபாதைக் கேமராவில் பதிந்ததைக் காட்டினார். தலை முதல் கால் வரை வெள்ளைக் கவச உடை போட்ட ஓர் உருவம், அவசரமில்லாமல் அந்த அறைக்குள் போனது. உடைக்குள் எல்லாரும் ஒன்றுபோல் தெரிவார்கள் என்பதால் முதுகில் பெயர் எழுதிக்கொள்வது அங்கே வழக்கம். இந்த முதுகிலும் நீல மையில் எழுதியிருந்தது.

சேதுலட்சுமி.

"நாலஞ்சு நாளா வருது மேடம்," என்றாள் ஜுவைரியா.

"வருதுன்னா? ஆளைச் சொல்றியா, பேயைச் சொல்றியா?"

"அந்தப் பிள்ளை புட்டியில வாயே வைக்கல. ஆனா எடை கூடுது. வலப்பக்கத்துப் பிள்ளை குடிச்சதையெல்லாம் கக்குது, நாளுக்கு நாள் இறங்குது. பெத்தவ வந்து குடுத்துட்டுப் போறான்னு ஆயாங்க பேசிக்கிறாங்க."

"நீ என்ன நினைக்கிற?"

"நான் ஒண்ணும் நினைக்கல மேடம். யாசீன் சூரா ஓதிட்டு உள்ள போறேன்."

உடை மாற்றும் அறை பின்வாசலை ஒட்டியிருந்தது. டூட்டி மாறும்போதெல்லாம் குப்பை மூட்டைகளை எடுக்க அந்த வாசலைத் திறந்துவைப்பார்கள். கொக்கியில் ஒரே ஒரு கவச உடை தொங்கியது.

"சேதுலட்சுமிக்கு நிறைமாசம்னு பெரிய அளவா எடுத்து வச்சிருந்தோம்," என்றார் டாக்டர். "முதுகுல பேரை எழுதி மாட்டுனா. மறுநாள் காய்ச்சல்ல படுத்துட்டா."

"ஏன் இன்னும் தூக்கிப்போடல?"

"யாரு மேடம் தொடுவா?"

பூமயில் கையுறையோடு உள்பக்கம் தடவினாள். ஈரம். மின்விசிறி இல்லாத அறையில் அந்த உடை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பின்வாசல் காற்று என்று தெரிந்தும் அவளுக்குப் பிடரி சில்லிட்டது.

"செத்தவளுக்கு வியர்க்காது, டாக்டர். இங்க வேலை பாக்குற யாரும் இதைத் தொடமாட்டாங்க. அப்போ போட்டது வெளியாளு. இந்தப் பேருக்குரியவ செத்தது தெரியாதவ. பால் சுரக்கிறவ. அப்படி யாரு இருக்கா?"

"வலப்பக்கத்துப் பிள்ளையோட அம்மா லீமாரோஸ், தங்கச்சிமடம். அவளுக்கு நெகட்டிவ் வந்திருச்சு. ஆனாலும் பதினாலு நாள் இந்த அறைக்குள்ள விடுறதில்ல. புருஷனோட கேட்டுக்கு வெளியதான் கிடக்கா." டாக்டர் தலையை ஆட்டினார். "ஆனா ஒண்ணு, மேடம். பக்கத்துல சொந்தப் பிள்ளை கிடக்கும்போது எவளாவது அடுத்தவ பிள்ளைக்குப் பால் குடுப்பாளா?"

பூமயில் ஜுவைரியாவைக் கூட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள்.

4.30. கேட்டுக்கு வெளியே, சீமைக்கருவேல நிழலில் லீமாரோஸின் புருஷன் யேசுதாஸ் எழுந்து வழிமறித்தான்.

"எம் பொண்டாட்டி எங்கயும் போகல."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே, அண்ணே."

லீமாரோஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். மாராப்பை இழுத்துவிட்டும் ரவிக்கையின் ஈரம் தெரிந்தது.

"பிள்ளையைப் பாத்திருக்கியா?"

"பெத்தப்ப மயக்கத்துல கெடந்தேன். அப்புறம் போன்ல ஒரு போட்டா அனுப்புனாக. அம்புட்டுத்தான்."

பூமயில் போனை வாங்கிப் பார்த்தாள். முகக்கவசத்தோடு ஜுவைரியா, துணி சுற்றிய குழந்தை, பின்னால் ஜன்னல். தொட்டில் ஜன்னலுக்கு இடப்பக்கம். மேலே சுவர்க் கடிகாரம். அதில் எண்கள் இல்லை, வெறும் கோடுகள். முட்கள் பத்து மணி காட்டின.

கூட வந்திருந்த ஜுவைரியாவிடம் திரும்பினாள். "எப்ப எடுத்த?"

"டூட்டிக்கு வந்த கையோட."

"காலையிலயா?"

"எனக்கு எப்பவும் மதிய டூட்டிதான், மேடம்."

பூமயில் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் முகமும் விழணும்னு முன்கேமராவுல எடுத்தியா?"

"ஆமா. நர்ஸே காட்டுறான்னு தெரிஞ்சா வேற யார் பிள்ளையோன்னு நினைக்க மாட்டாங்கல்ல."

"அதுலதான் வந்திருக்கு வினை. ரெண்டு மணியைக் கண்ணாடியில பாத்தா பத்து மணி. உன் போன் படத்தை அப்படித்தான் திருப்பிப் போட்டிருக்கு. வலது இடதாயிருச்சு."

ஜுவைரியா வாயைப் பொத்திக்கொண்டாள். லீமாரோஸுக்கு எதுவும் புரியவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"நாந்தான் போனேன். அங்கன தொங்குன உடுப்பை எடுத்து மாட்டுனேன். போட்டாவுல இருந்த பக்கத்துத் தொட்டிலுக்குத்தான் போனேன். எம் பிள்ளைக்கு நான் பால் குடுத்தா அது களவா?"

"உன் பிள்ளைக்கு நீ குடுக்கல, லீமாரோஸ்."

பூமயில் படத்தை நீட்டி, இடமும் வலமும் மாறியிருப்பதைச் சொன்னாள்.

"கால்ல பேர் அட்டை கட்டியிருக்குமே. பாக்கலையா?"

"துணியை அவுத்தா அழுதுரும்னு அவுக்கல." அவள் குரல் இறங்கியது. "எம் முதுகுக்குப் பின்னால ஒண்ணு தெனமும் அழுதுச்சு. எவ பெத்த பிள்ளையோ, இந்தக் கத்து கத்துதேன்னு..."

முடிக்காமல் கேட்டை நோக்கி ஓடினாள்.

5.10. டாக்டர் மறுபடி விதியைச் சொன்னார்.

"இத்தனை நாளா உள்ள வந்துட்டுப் போயிருக்கா," என்றாள் பூமயில். "உங்க விதி அவளைத் தடுக்கல, அந்தப் பிள்ளையைத்தான் பட்டினி போட்டிருக்கு. களவுன்னு எழுதுனா என்ன காணாமப் போச்சுன்னும் நான் எழுதணும். என்ன காணோம், சொல்லுங்க."

டாக்டர் வலப்பக்கத் தொட்டிலின் எடைச் சீட்டைப் பார்த்தார். பிறகு தானே போய்க் கதவைத் திறந்தார்.

லீமாரோஸ் தன் பிள்ளையை மடியில் போட்டாள். அட்டையை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். குழந்தைக்குக் காம்பு பழக்கமில்லை. பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது, விட்டது, வெகுநேரம் கழித்துப் பற்றிக்கொண்டது.

எதிர்த் தொட்டிலில் சேதுலட்சுமியின் பிள்ளை அழ ஆரம்பித்தது. ஜுவைரியா பாட்டிலை எடுத்தாள்.

லீமாரோஸ் நிமிரவில்லை.

"அதை வைங்க சிஸ்டர். இந்தப் பக்கம் பால் கட்டிக்கிட்டு வலிக்குது. அவளையும் கொண்டாங்க."