குளிரில் நிறுத்திய கார்

ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் மட்டும் உள்ளே உறைபனி படிந்திருந்தது.

யோகேஸ்வரன் கைவிளக்கை அதன்மேல் பிடித்துப் பார்த்தான். வெளியே படிந்தால் அதிசயமில்லை. மெல்பேர்னுக்குக் கிழக்கே இருக்கும் அந்த மலையுச்சியில் இரண்டு நாளாகப் பனி கொட்டியிருந்தது; யூகலிப்டஸ் இலைகளின் தைல வாசனைகூட அடங்கிப்போய், மூச்சிழுத்தால் ஈர இரும்பின் வாடைதான் மூக்கில் ஏறியது. ஆனால் உள்ளே படிய வேண்டுமென்றால் அந்த ஆசனத்தில் யாராவது இருந்து மூச்சுவிட்டிருக்க வேண்டும். காருக்குள் இருந்தவள் அவனுடைய மனைவி யோகராணி ஒருத்திதான். இடப்பக்க ஆசனத்தில் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். அவள் பக்கக் கண்ணாடி தெளிவாக இருந்தது.

"நீர் இஞ்சாலை வந்து இருந்தனீரோ?"

"இல்லையப்பா, நான் அசையவே இல்லை."

குளிர் செய்யும் ஏதோ வேலை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு பனியைச் சுரண்டினான். பொறியியலாளன் அல்லவா, எதற்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பான்.

எழுபத்தாறாம் ஆண்டு, ஜூலை மாதம். மலையடிவாரத்தில் த பேசின் என்ற ஊரில் இருந்த ஒரு சிறிய பட்டறை செய்த மின்சாரக் கார் அது. பன்னிரண்டு பற்றரிகள், பெட்ரோலும் இல்லை, சத்தமும் இல்லை. வெயிலில் நல்ல பிள்ளையாக ஓடும், குளிர் கண்டால் முரண்டு பிடிக்கும். எவ்வளவு குளிருக்கு எவ்வளவு முரண்டு என்று அறியத்தான் அதை வெட்டவெளியில் நிறுத்திப் பார்த்தார்கள். ஹீற்றர் போட்டால் அளவு பிழைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு முன் அதே இடத்தில், அதே ஓட்டுநர் ஆசனத்தில், ஹீற்றர் போடாமல் விடிய விடிய அளவு எழுதிக்கொண்டிருந்த வரதராஜா காலையில் விறைத்துக் கிடந்தார். யோகேஸ்வரனுக்கு வேலை எடுத்துக் கொடுத்த மனிதர் அவர்.

அதன்பிறகு யாரும் தனியே போகக்கூடாது என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். கூட வர வேண்டிய வெள்ளைக்காரனுக்குக் காய்ச்சல். "உங்களைத் தனிய விடமாட்டன்" என்று யோகராணி ஏறிக்கொண்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு மாதம். இந்த நாட்டில் அவளுக்கு அவனைத் தவிர வேறு நாதியில்லை. அவளை இந்தக் குளிருக்குள் கூட்டிவந்தது அவனுக்கு உறுத்தியது.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. வரதராஜாவின் சடங்கு மெல்பேர்னில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கம்பளம், மெல்லிய இசை, கோட்டுப் போட்டவர்கள் தட்டில் கொடுத்த தேநீரும் பிஸ்கட்டும். ஒப்பாரி இல்லை, பறை இல்லை. அது செத்தவீடு என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. புறப்படும்போது பெட்டிக்கருகே குனிந்து, பழக்கதோஷத்தில், "போட்டு வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டான். போய்வருகிறேன் என்பது செத்தவீட்டில் யாரும் சொல்லாத சொல். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட வேண்டிய இடம். வரதராஜாவின் மனைவி பவளம் அழுகையை நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"என்ன தம்பி சொன்னனீர்?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்தரைக்கே மலை இருட்டிவிட்டது. நாற்பது அடி தள்ளி, கம்பத்தில் கட்டியிருந்த வெப்பமானியைப் பார்க்க மறுபடி போனான். சுழியத்துக்குக் கீழே ஏழு. பனி மிதிபடும் சத்தம் அவன் நின்றபிறகும் ஓரிரு அடி கேட்டது. திரும்பி வந்தான். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி மறுபடி வெளுத்திருந்தது.

"ஏனப்பா ஒண்டும் கதைக்காமல் இருந்திட்டுப் போனனீங்கள்?" என்றாள் யோகராணி.

"எப்ப?"

"இப்பதான். கையைப் பிடிச்சுப் பாத்தனான். நல்லா விறைச்சுப் போச்சு. பாவமாயிருந்தது."

அளவும் வேண்டாம், வேலையும் வேண்டாம், இவளைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். ஏறியிருந்து சாவியைத் திருப்பினான். மின்னளவு காட்டும் முள் அசையவில்லை. மறுபடி திருப்பினான். ஒன்றுமில்லை.

பின்பக்கம் ஏதோ ஒரு இணைப்பு குளிரில் சுருங்கிக் கழன்றிருக்க வேண்டும். முறுக்கிவிட்டால் சரி. ஒரு நிமிட வேலை.

"கதவெல்லாத்தையும் பூட்டும் ராணி. ஆர் தட்டினாலும் திறக்காதையும்."

"நீங்கள் தட்டினால்?"

"நான் பேர் சொல்லிக் கூப்பிடுவன்."

"ஓம்" என்றாள். அவன் இறங்கியதும் பூட்டும் சத்தம் கேட்டது. அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

பின்மூடியைத் தூக்கினான். அமில வாடை. கைவிளக்கு மங்கியது. ஆறாவது பற்றரியில் கம்பி கழன்று தொங்கியது. சுருங்கிக் கழன்ற மாதிரி இல்லை. யாரோ பொறுமையாகக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. விரல் மரத்தது. முறுக்கினான். இன்னும் ஒரு சுற்று. பொறி பறந்தது. பின்விளக்குகள் சிவப்பாக எரிந்தன. மூடியை அடித்துச் சாத்தினான்.

உள்ளே யோகராணி பேசிக்கொண்டிருந்தாள்.

அவனோடு பேசும் குரல். தாழ்ந்த, வெட்கப்பட்ட குரல்.

ஓட்டுநர் பக்கம் ஓடினான். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியின் வெண்மையில் ஒரு விரலகலம் துடைபட்டிருந்தது. அதனூடாகப் பார்த்தான்.

வரதராஜா இருந்தார். புருவத்தில் பனி. கைகள் ஸ்டியரிங்கில்.

கண்ணாடியில் அறைந்தான். பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. வாயிலிருந்து ஆவியும் வரவில்லை.

யோகராணி திடுக்கிட்டுத் திரும்பினாள். நேராக அவன் முகத்தைப் பார்த்தாள். இருட்டில் முன்பின் தெரியாத எவனோ நிற்பதைப் பார்க்கும் பார்வை. பயந்துபோய் ஓட்டுநரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. "போவமப்பா, கெதியாப் போவம்" என்பது போல.

கார் நகர்ந்தது. துளிச் சத்தமில்லை. பனியில் சக்கரம் நெரிபடுவதுகூடக் கேட்கவில்லை. அவன் ஓடினான். கால் மரத்து விழுந்தான். வளைவில் கார் திரும்பியபோது உள்விளக்கு எரிந்தது. யோகராணி தன் போர்வையைக் கழற்றி, அந்த விறைத்த தோள்களைச் சுற்றிப் போர்த்திவிட்டு, தன் கன்னத்தை அதன்மேல் சாய்த்துக்கொண்டாள்.