உடல்நலம் சரி

விடியற்காலை ஐந்து மணிக்கு வராந்தாவில் ஐந்து பேர் நடந்து வந்தார்கள். அந்த வீட்டில் இருப்பதோ மூன்றே பேர். மனைவி பக்கத்தில் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள், மகள் அடுத்த அறையில் காய்ச்சலோடு படுத்திருந்தாள், மூன்றாவது ஆளான டாக்டர் கண்ணை விழித்துக்கொண்டு போர்வைக்குள் கிடந்தார்.

நான்கு ஜோடி பூட்ஸ். நடுவில் ஒரு ஜோடி வெறுங்கால், ஈரத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற மாதிரி. கூடவே பினாயில் வாடையும் துவைக்காத கம்பளியின் வாடையும் வந்தன. பதினேழு வருஷம் சிறை டாக்டராக இருந்த மூக்குக்கு அது தெரியாதா என்ன? காலடிகள் மகளின் அறை வாசலில் நின்றன. யாரோ ஒரு தாளைப் புரட்டினார்கள். பிறகு வந்த வழியே போய்விட்டன.

எழுந்து போய்ப் பார்த்தார். வராந்தா காலி. மகளுக்கு நூற்றிரண்டு டிகிரி.

விஷயம் இதுதான். நோயாளியைத் தூக்கில் போடக் கூடாது என்பது அந்தச் சிறையின் விதி. முதலில் குணப்படுத்த வேண்டும், டாக்டர் 'உடல்நலம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் கயிறு. கேட்டால் சிரிப்பு வரும். டாக்டருக்கு இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

போன மாதம் ஒரு தூக்குத் தண்டனைக் கைதிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். தச்சு வேலை செய்தவன். அப்பாவியெல்லாம் இல்லை, இரண்டு கொலை செய்தவன். டாக்டர் பத்து நாள் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. அவனுடைய கடைசி மனு திங்கட்கிழமைதான் விசாரணைக்கு வர இருந்தது. அதுவரை தூக்கை நிறுத்தி வைக்க யாரும் உத்தரவு போட்டிருக்கவில்லை.

"இன்னும் நாலு நாள் காய்ச்சல் இருக்குன்னு எழுதினா உங்களுக்கு என்னய்யா போகுது?" என்று கேட்டான். கெஞ்சல்கூட இல்லை. பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறவனின் குரல்.

டாக்டர் பொய் எழுதாதவர். அதில் அவருக்குத் தலைக்கனம் வேறு. கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை விடியலில் எல்லாம் முடிந்தது.

மகள் சட்டம் படிக்கிறவள், மரண தண்டனையே கூடாது என்கிற கட்சி. சாப்பாட்டு மேசையில் வழக்கமாக நடக்கிற சண்டைதான். செத்த இரண்டு பேருக்கு யார் நியாயம் சொல்வது என்று இவர் கேட்பார், இன்னொருவன் செத்தால் அவர்கள் எழுந்து வந்துவிடுவார்களா என்று அவள் கேட்பாள். காலடி கேட்பதற்கு இரண்டு நாள் முன்பு அந்தத் தச்சனைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர், தீர்ப்பு எழுதியதும் தான் இல்லை, கயிறு மாட்டியதும் தான் இல்லை என்று கை கழுவப் பார்த்தார்.

"அப்போ யாருப்பா கொன்னது?"

தட்டோடு எழுந்து போனார். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல்.

இரண்டாம் விடியலில் மாத்திரை வேலை செய்து காய்ச்சல் நூறுக்கு இறங்கியிருந்தது. காலடிகள் அன்று சீக்கிரம் திரும்பவில்லை. மகளின் அறைக் கதவுப்பிடி மெல்லப் பாதி வரை திரும்பி, நின்றது.

டாக்டருக்கு அப்போதுதான் புரிந்தது. காய்ச்சல் இருக்கிறவரை அவளை எடுத்துப்போக மாட்டார்கள்.

அன்றிலிருந்து மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டினார். மகளுக்குக் கொடுத்தது சர்க்கரைத் தண்ணீர். மனைவி ஈரத்துணி கொண்டு வந்தால் வேண்டாம் என்று தடுத்து, கம்பளியை இழுத்துப் போர்த்தினார். பெற்றவன் செய்கிற காரியமா இது? தெரிந்துதான் செய்தார். மகளின் உதடு வெடித்தது, கண் செருகியது. "முடியலப்பா" என்றாள். அவர் அறைக்கு வெளியே வந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். காய்ச்சல் நீடித்தால் உடம்பு தாங்காது. இறங்கினால் வந்துவிடுவார்கள். அவனுக்கு நாலே நாள் எழுதிக் கொடுத்திருக்கலாம். வெறும் நாலு நாள்.

ஐந்தாம் விடியல். மனைவியின் குரல் கேட்டு ஓடினார்.

"ஏங்க, காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு. உங்க வைத்தியத்த நம்பாம நானே கடையில மாத்திரை வாங்கி மூணு வேளை குடுத்தேன். திட்டாதீங்க."

வராந்தாவில் பூட்ஸ். வெறுங்கால். பினாயில்.

இந்த முறை வாசலில் நிற்கவில்லை. அவரைத் தாண்டி உள்ளே போயின. யாருமில்லை. காற்றுகூட அசையவில்லை. தாளைப் புரட்டுகிற சத்தம் மட்டும், காதோரம்.

"அவளுக்கு இன்னும் சரியாகல" என்று கத்தினார். "நான் எழுதித் தர்றேன். இப்பவே எழுதித் தர்றேன்."

மனைவி அவரை விநோதமாகப் பார்த்தாள். பிறகு தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சிரித்த முகமாய்ப் படிக்கத் தொடங்கினாள்.

அவளுக்குப் பின்னால் மகள் எழுந்து நின்றிருந்தாள். முகம் சுவரைப் பார்த்து. கைகள் முதுகுக்குப் பின்னால், மணிக்கட்டோடு மணிக்கட்டு. கயிறு இல்லை. ஆனால் சதை உள்ளே அமுங்கியிருந்தது.

குதிகால் தரையை விட்டு எழும்பியது. பிறகு பாதம்.

கடைசியாகக் கட்டைவிரல்.